கனியைப் பாக்க வந்தவங்க

கனிஷ்கா குழாயடியில ஆடுன ஆட்டத்தப் போன்ல போட்ட மறுநாள் வெடியால, அதப் பாத்தவங்கெல்லாம் எங்க வளவு கேட்டுக்கு வெளிய வந்து நின்னாங்க. வளவுன்னா எங்கூருப் பக்கம் ஒட்டுக்கா ஒரே வரிசையாக் கட்டி விட்ட வாடகை வீடுங்க, நடுவுல ஒரு முத்தம், ஒரு குழாய், முன்னால ஒரு கேட்டு, சுத்தியும் பவர்லூம் தறிக் குடோனு. வந்தவங்க பேயும் இல்ல, பிசாசும் இல்ல, நல்லாக் கேட்டுக்குங்க, நாளைக்கு நான் கதை கட்டறேன்னு சொல்லாதீங்க. வேர்வையும் தலையெண்ணெயுமா இருந்த மனுசங்க, யாரு எந்தக் கோலத்துல அந்த வீடியோவப் பாத்தாங்களோ அந்தக் கோலத்துலயே வந்திருந்தாங்க, பாதி மொகத்துல சவரம் பண்ற நொரையோட ஒருத்தரு, வாயில பல்லு வெளக்கற பிரஸ்ஸோட ஒருத்தன், கழுத்துல ஆபீஸ் அட்டையோட ஒரு பொண்ணு, கடிச்ச முறுக்கோட பள்ளிக்கூடத்துப் பசங்க, எங்கியோ மேடை ஏறப்போற மாப்பிள்ளை ஒருத்தன் மாலையும் கழுத்துமா. எல்லாரும் தலையக் கொஞ்சம் சாச்சுட்டு, குழந்தைவேலு வீட்டு வாசலையே பாத்துட்டு நின்னாங்க.

எனக்கு அந்த வளவுல கடைசி வீடு. பனியன் கம்பெனியில இருந்து மூட்டை மூட்டையாக் கொண்டாந்து போடற துணிக்குப் பிசிறு நூல் வெட்டிக் குடுக்கறது என்ற பொழப்பு, வாசல்ல உக்காந்தா கண்ணுக்கு நேரா குழந்தைவேலு வீடு. அவன் தறி ஓட்டறவன், அவன் சம்சாரம் துளசிமணி தறிக்கு நூல் சுத்திக் குடுக்கறவ, ஒத்தைக்கு ஒரே புள்ள கனிஷ்கா, பதினொண்ணாவது படிக்கறா, என்னப் பெரிம்மான்னு கூப்புடுவா. படிக்கறதுக்குன்னு வாங்கிக் குடுத்த போனு அது. வாங்குன அன்னிக்கு அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி படத்துக்கு முன்னால வெச்சு எடுத்தா துளசி, நாந்தான் சூடம் பத்த வெச்சேன்.

அந்தக் கூட்டத்துல எங்கூட்டுக்காரரும் நின்னாரு. உள்ள கட்டல்ல கொறட்டை விட்டுட்டு இருக்கற மனுசன், வெளிய லுங்கியத் தூக்கிக் கட்டிட்டு நிக்கறாரு. நான் உள்ள போயி ஒருக்கா, வெளிய போயி ஒருக்கா பாத்துப்போட்டு, எழுப்பிக் கேட்டேன்.

"ஏனுங், அந்தப் புள்ள ஆடறத நீங்க பாத்தீங்களா?"

"எந்தப் புள்ள? நான் எதுக்குப் பாக்கறேன்?"

"அப்படீங்களா. வெளிய போயி உங்களயே கேட்டுட்டு வாங்."

போனாரு. தன்னையே ஏற எறங்கப் பாத்தாரு. திரும்பி வந்து காப்பி கேட்டாரு. அன்னிக்கு வளவு பூரா எல்லா ஊட்டுலயும் இதே பஞ்சாயத்துத்தான், புருசனக் கையப் புடிச்சு உள்ள இழுத்தவளுக உண்டு, கம்பம் நட்டாப்பல ஆளு அசையலை, கை மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. தாராபுரத்துல கடை வெச்சிருக்கற என்ற தங்கச்சி மகன் கூட அங்க நின்னான், போன் போட்டா, நான் கடையிலதான பெரிம்மா இருக்கறேன், ஏவாரம் மும்முரமா ஓடுதுங்கறான். அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது, வந்து நிக்கறது ஆளு இல்ல, அந்த ஆளோட பார்வை. கண்ணுல பாத்தாலும் நெனப்புல ஓட்டுனாலும் நிக்கும், பாத்துச் சலிச்சாத்தான் மறஞ்சு போகும். புரிஞ்சதும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டோம்.

போலீஸ்காரரு வந்தாரு. கூட்டத்துக்கு முன்னால ரெண்டு நடை நடந்தாரு, நடுவுல எங்கியோ தன்னையே பாத்துட்டாராட்ட இருக்குது, மொகம் ஒரு மாதிரியாகி, ரோட்டுல நிக்கறதுக்குச் சட்டத்துல தடை இல்லீங்கன்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டாரு. கவுன்சிலரு வந்தாரு, கோயில் நோம்பிக்குக் கட்டறாப்பல சவுக்குக் கம்புல தடுப்புக் கட்டிக் குடுத்தாரு, அந்தத் தடுப்புல தன்ற படத்தயும் மாட்டிக்கிட்டாரு. டீக்கடைக்காரரு கேனத் தூக்கிட்டு வந்தாரு, நிக்கறவங்க குடிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும், நிக்கறவங்கள வேடிக்கை பாக்க வந்தவங்களுக்கு வித்தாரு. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரு கனியக் கூப்புட்டு, படிக்கற புள்ளைக்கு இதென்ன அசிங்கம்னு அரை மணி நேரம் திட்டிப்போட்டு, கடைசியில, அப்படியே நம்ம ஸ்கூல் பேரையும் ஒருக்காச் சொல்லிரு சாமின்னு அனுப்பி விட்டாங்க. பள்ளிக்கூடத்துல புதுசாப் புள்ளைங்களச் சேக்கற நேரம் அது.

குழந்தைவேலு நெஞ்ச நிமித்தி நடக்க ஆரம்பிச்சான். பொறந்ததுல இருந்து தறி ஓனரு மொகத்த நிமுந்து பாக்காதவன், அந்த ஓனரே தன் வாசல்ல அரை டவுசரோட நிக்கறதப் பாத்தா நெஞ்சு நிமுராம என்ன பண்ணும், நீங்களே சொல்லுங்க. தெருவுல மத்தவளுகளுக்கு வயிறு எரிஞ்சுது. பக்கத்து வளவு சித்ராதேவி தன் மகளயும் ஆட விட்டா, அவ வாசல்ல ரெண்டே பேருதான் வந்து நின்னாங்க, அதுல ஒருத்தன் அந்தப் புள்ளயோட சொந்த மாமன். பொண்ணு பாக்க வர்றவங்க கூட, படிப்பென்ன நகையென்னன்னு கேட்டது போயி, உங்க வாசல்ல எத்தன பேருங்க நிப்பாங்கன்னு கேக்கற காலம் வந்துருச்சு. நல்லா இருக்குதுங்க ஒலகம்.

ஆனா புள்ளயப் பாக்கோணும். எந்திரிச்சதும் ஜன்னல்ல தலைய நீட்டி, நேத்து நின்ன நொரைக்காரரு இன்னிக்கும் நிக்கறாரான்னு பாப்பா. நெறைய நின்னா குளிப்பா, சிரிப்பா, எங்கிட்ட வந்து பிசிறு வெட்டறேன் பெரிம்மான்னு கத்திரி புடுங்குவா. கொறஞ்சா சோறு எறங்காது, மேலுக்குக் காச்சல் வரும், சுவத்தப் பாத்துப் படுத்துக்குவா. காச்சலோட எந்திரிச்சு மறுக்கா ஆடி மறுக்காப் போடுவா, மறுக்காக் கூட்டம் வரும், காச்சல் எறங்கும். தூங்கறது எப்பன்னே தெரியலை, கண்ணுக்குக் கீழ கருப்புத் தட்டி, அத மறைக்கப் பவுடரு, பவுடர மறைக்க என்னமோ ஒரு வெளிச்சம்.

"ஏங்கண்ணு, அவங்க நின்னா உனக்கென்ன, போனா உனக்கென்ன?"ன்னு கேட்டேன்.

"அவங்க நிக்கலைன்னா நான் இருக்கறனான்னே தெரிய மாட்டீங்குது பெரிம்மா"ன்னா.

பதினாறு வயசுப் புள்ள பேசற பேச்சா இது.

அதுக்குள்ள அவங்க பேசவும் ஆரம்பிச்சிருந்தாங்க. போன்ல கீழ எதை எழுதறாங்களோ அத இங்க நின்னு வாய்விட்டுச் சொல்லுவாங்க, சொரத்தே இல்லாத கொரல்ல. மொதல்ல சூப்பரு, செம, தங்கச்சி கலக்கற அப்படீன்னாங்க. அப்பறம் ஒடம்பப் பத்திப் பேசுனாங்க, அப்பறம் பெத்தவளப் பத்தி, அப்பறம் நான் இங்க சொல்ல முடியாததெல்லாம், அதும் பேரன் பேத்தி எடுத்த மொகங்க, நெத்தியில பட்டையோட நின்னுட்டு. துளசி வெளக்கமாத்த எடுத்துட்டுப் போயி வாய் மேலயே போட்டா, அடிய வாங்கிட்டே அதே வார்த்தைய மறுக்காச் சொன்னாங்க. தறிக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்குத் தறிச் சத்தம் கேக்காதுங்க, கரண்டு போயி தறி நின்னாத்தான் தூக்கம் கெடும். அப்படிப் பழகுன காது எங்களுது, அந்தப் பேச்சும் கொஞ்ச நாள்ல எங்க யாரு காதுலயும் விழுகாமப் போச்சு. கனி காதுல மட்டும் ஒண்ணு விடாம விழுந்துட்டே இருந்துச்சு.

இப்ப எங்கூருப் பழக்கம் ஒண்ணச் சொல்லிப்போடறேன், இல்லீன்னா மேக்கொண்டு நடந்தது வெளங்காது. வாசல்ல ஒருத்தரு வந்து நின்னா 'வாங்க'ன்னு சொல்லோணும். மொகத்துக்கு நேராப் பாத்து, ஆளாளுக்குத் தனித்தனியாச் சொல்லோணும். கலியாண மண்டபத்துல எத்தன ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தாலும் சரி, பொதுவாக் கையக் கும்புட்டு எல்லாரும் வாங்கன்னு சொன்னா அது செல்லாது. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இலையில உக்காராமத் திரும்பிப் போன என்ற சொந்த அக்கா இன்னி வரைக்கும் எங்கூட்டு வாசப்படி மிதிக்கலை. அதே மாதிரி வாங்கன்னு சொல்லிட்டோம்னா, அவங்களா எந்திரிக்கற வரைக்கும் போங்கன்னு சொல்லப்படாது, சொன்னா அந்தக் குடும்பத்தோட தெருவே பேச்சை நிறுத்திக்கும். தடுப்புக் கம்பத் தாண்டறது அந்தக் கூட்டத்துக்கு ஒரு வேலையா, ஆனா ஒருத்தராச்சும் கேட்டுக்கு உள்ள கால் வெக்கலை, ஏன்னா அவங்க யாரையும் யாரும் மொகம் பாத்துக் கூப்புடலை. இது எங்களுக்கு அப்ப ஓசனை ஓடலை.

முன்வரிசையில ஒரு பையன் நின்னான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெத்தியில துண்ணூறு, ஒதட்டுல ஒரு சின்னச் சிரிப்பு. மத்தவங்க வருவாங்க, மறஞ்சு போவாங்க. இவன் எப்பப் பாத்தாலும் நின்னான். எவனாச்சும் அசிங்கமாப் பேசுனா அந்தப் பக்கம் திரும்பி, தங்கச்சியப் பத்தி அப்படிப் பேசாதீங்கம்பான். தெருவுல இருக்கற பொம்பளைக எல்லாத்துக்கும் அவனப் புடிச்சுப் போச்சு.

"யாரு கண்ணு அது?"

"அகில் அண்ணன் பெரிம்மா. கோயமுத்தூருல இஞ்சினீரிங் படிக்கறாங்க. என்ற பரீச்சை என்னிக்குன்னு அப்பாவுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். மத்தவங்கெல்லாம் என்னப் பாக்கறாங்க, அண்ணன் மட்டுந்தான் நான் போன்ல சொல்றதக் கேக்கறாங்க."

ஐப்பசியில அடைமழை புடிச்சுது. கூட்டம் பூராத் தொப்புத் தொப்புன்னு நனைஞ்சுது, நொரைக்காரரு நொரை கரைஞ்சு ஓடுச்சு, மாப்பிள்ளை மாலையில இருந்து சொட்டுச்சு. அகில் சட்டையில இஸ்திரி மடிப்புக் கலையலை. நெத்தித் துண்ணூறு அழியலை. நேத்துச் சிரிச்ச அதே சிரிப்பு, மயிரிழை கூட நகராம அதே எடத்துல இருந்துச்சு. நான் துளசியக் கூப்புட்டுக் காட்டுனேன்.

"அந்தப் பையன் மேல மழை படலை, பாத்தியா துளசி?"

"நல்ல ஊட்டுப் பையன்க்கா. பாத்தாத் தெரியலையா?"

"நல்ல ஊட்டுப் பையன் மேல மழை படாதா?"

"நீங்க துணியில பிசிறு தேடித் தேடி, இப்ப மனுசங்க மேலயும் தேட ஆரம்பிச்சுட்டீங்க"ன்னு சிரிச்சுட்டே போயிட்டா.

கார்த்திகையில மாரியாத்தா நோம்பி வந்துச்சு. நோம்பி அன்னிக்கு எங்கூருல வாசல்ல நிக்கற எவனும் சாப்புடாமப் போகப்படாது. எல்லா ஊட்டுலயும் கறிக்கொழம்பு கொதிக்குது, தெருவே மணக்குது, இந்தப் பையன் மட்டும் வெறும் வயித்தோட கேட்டுல நிக்கறான். தண்ணிக் கொடத்தோட போற வர்றவளுக எல்லாம் துளசி காதுல விழுகற மாதிரி பேசிட்டே போனாளுக. இத்தன மாசமாக் காவலு காக்கறான் ஒருத்தன், ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேட்டாளான்னு ஒருத்தி. கூட்டம் சேந்ததும் கொழுப்புச் சேந்துருச்சுன்னு இன்னொருத்தி. வாங்கன்னு ஒரு வார்த்தைக்குக் காசா பணமான்னு சித்ராதேவி. துளசிக்கு நெஞ்சு பொறுக்கலை. மாவுக் கையக் கழுவி முந்தானையில தொடச்சுட்டு, கேட்டத் தொறந்து, அவன் மொகத்துக்கு நேரா நின்னு சொல்லிட்டா.

"வாங்க தம்பி. உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

அவன் கேட்டுக்கு உள்ள கால் எடுத்து வெச்சான். வெச்ச நிமிசம், கொடியில காயப் போட்ட துணி நழுவி விழுகறாப்பல, அந்த வெள்ளைச் சட்டையும் துண்ணூறும் சிரிப்பும் அவன் மேல இருந்து நழுவி ரோட்டுல விழுந்துச்சு. உள்ள இருந்தது வேற ஆளு. குழந்தைவேலுக்கு அண்ணன் வயசிருக்கும், நரைச்ச தாடி, தொப்பை, சட்டைப் பையில ரெண்டு போனு, அந்த ஐப்பசி மழை பூராவும் அப்பத்தான் அவன் மேல எறங்குனாப்பல தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி சொட்டுது. எவனோ ஒரு பையன் படத்தப் போத்திட்டு இத்தன நாளு நின்னிருக்கறான். வளவே பாத்துச்சு, தெருவே பாத்துச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கலை, வாங்கன்னு சொல்லியாச்சே. துளசி இலையப் போட்டா.

உக்காந்து சாப்புட்டான். நிதானமாச் சாப்புட்டான். கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அம்மிணின்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டான். கனி உள்கதவப் புடிச்சுட்டு நின்னா, மொகத்துல ரத்தமில்லை.

"அகில் அண்ணன் எங்க?"ன்னு கேட்டா.

"படந்தான் அவன்து. பேசுனதெல்லாம் நாந்தான் சாமி" அப்படீன்னான். கொரல்ல அத்தன பாசம். எடது கையில போன எடுத்து, அவ கண்ணுக்கு மட்டும் தெரியறாப்பல திருப்பிக் காட்டுனான். "அண்ணனுக்குன்னு நீ அனுப்புன போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குது. வெளிய இத்தன பேரு நிக்கறாங்க. இவங்களுக்கும் காட்டட்டுமா, இல்ல சத்தங்காட்டாம எங்கூட வர்றியா?"

குழந்தைவேலு அரிவாள்மனைய எடுத்துட்டு வந்தான், வளவுல இருக்கற ஆம்பளைக நாலு பேரு அவன அமுக்கிப் புடிச்சாங்க. எச்சக் கையோட இலையில இருக்கறவன் மேல கை வெக்கப்படாது, ஊருக்கு ஆவாதுடான்னாங்க. நல்ல ஞாயம். புடிச்சதுல எங்கூட்டுக்காரரும் ஒருத்தரு. துளசி மக கிட்டப் போனா, போன வேகத்துல அவ வாயில வந்தது, "என்ன போட்டோடி? என்னத்தடி பண்ணித் தொலைச்ச?" அதுதான்.

படம் போனாப் போகுது, எவன் பாத்தா நமக்கென்ன, நீ இரு கண்ணுன்னு யாராச்சும் ஒருத்தரு சொல்லியிருந்தாப் போதுங்க. நோம்பிக்குக் கூடுன அத்தன சனத்துல, கோயிலுக்கும் கொலத்துக்கும் நீட்டி முழக்கிப் பேசற அத்தன வாயில, அந்த ஒத்த வார்த்தைக்கு வாயில்லை. புள்ள எங்க எல்லாத்து மொகத்தயும் பாத்தா. அப்பறம் ஜன்னல் வழியா வெளிய பாத்தா, அங்க பெரிய டீச்சரு நிக்கறாங்க, தறி ஓனரு நிக்கறாரு, கூடப் படிக்கற பசங்க நிக்கறாங்க. செருப்பத் தேடி மாட்டுனா.

"விடும்மா. அப்பா நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கோணுமில்ல"ன்னு சொல்லி, துளசி புடிச்ச புடியில இருந்து வெரலு வெரலா எடுத்து விட்டுட்டு, அவன் பின்னால நடந்து போனா.

கூட்டம் அவங்களுக்கு வழி விட்டுச்சு. அவங்க போனதும் மூடிக்கிச்சு. துளசி ஓடுனா, வழி விடுங்க சாமி, வழி விடுங்க சாமின்னு நெஞ்சு நெஞ்சாக் குத்துனா, பார்வைக்கு ஏதுங்க காது, அசையலை. தெருச்சனம் என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா, எல்லாத்து கையிலயும் போனு, எல்லாத்து கையும் ஒசக்க. அதப் பாக்கப் புதுசாக் கூட்டம் வந்துட்டே இருந்துச்சு, ஒருத்தன் பாவம்ங்கறான், ஒருத்தி அழுகாதீங்கம்மாங்கறா, ஒருத்தன் இது நாடகங்கறான், ஒருத்தன் முழு வீடியோவப் போடுங்கங்கறான். துளசி ஓஞ்சு அந்த ரோட்டுலயே உக்காந்துட்டா.

போலீசு வந்து யாருங்க பாத்ததுன்னு கேட்டாங்க. எல்லாருந்தாங்க பாத்தோம்னோம். எல்லாத்து வீடியோவையும் வாங்கிப் பாத்தாங்க, எல்லாத்துலயும் முன்னால நின்னு வீடியோ எடுத்தவங்க முதுகுதான் இருந்துச்சு. அவன் மொகம் ஒண்ணுலயும் இல்லை. வெள்ளைச் சட்டைப் பையன் படம் மட்டும் நல்லா இருந்துச்சு, அத வெச்சுத் தேடி சேலத்துல செருப்புக் கடையில வேலை செய்யற ஒரு பையனப் புடிச்சாங்க, அவன் தன் படத்த எப்பவோ ஒரு பொங்கலுக்குப் போட்டவன், கனி யாருன்னே தெரியாது. ரெண்டு அறை அறைஞ்சு விட்டுட்டாங்க. குழந்தைவேலு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சான், கையில காசு தீந்ததும் திரும்பி வந்து தறியில நின்னான், இப்ப யாரு கூடவும் பேசறதில்லை. துளசி ஓடி விழுந்தத நல்லா எடுத்தவ சித்ராதேவி மக. கூட்டம் அவ வாசலுக்குப் போச்சு. கவுன்சிலரு சவுக்குக் கம்பயும் தன்ற படத்தயும் கழட்டிக்கொண்டு போயி அங்க கட்டுனாரு.

துளசி கொஞ்ச நாளு சோறு தண்ணியில்லாமக் கெடந்தா. ஒரு நாளு நான் கஞ்சி கொண்டு போனப்ப எந்திரிச்சு உக்காந்து கேட்டா.

"ஏனக்கா, பாத்தவங்கெல்லாம் வந்து நிக்கறாங்கல்ல?"

"நின்னாங்க, எளவெடுத்தவங்க."

"அப்ப அவ பாத்தா, அவளும் வந்து நிக்கோணுமல்ல?"

கஞ்சிய வெச்சுட்டு வந்துட்டேன்.

போன் அடிச்சா எடுக்கத் தெரியும், வெக்கத் தெரியாது அவளுக்கு. அவ கத்துக்கிட்டா. வாசல்ல அடுப்பக் கொண்டாந்து வெச்சு, அதுக்கு முன்னால போனச் சாத்தி லைவு போட்டா, சமைச்சா, சமைக்கறதப் பத்திப் பேசுனா. மக பேர மட்டும் எடுக்க மாட்டா, அவனும் பாப்பானல்ல, பாத்தா புள்ள கையில இருக்கற போனையும் புடுங்கிப்போடுவான்னு. மொத நாளு வளவுச் சனந்தான் நின்னுச்சு, லைவு முடிஞ்சதும் மறஞ்சு போச்சு. இது பத்தாதுன்னு மகளோட சுடிதார எடுத்து மாட்டுனா, அந்தத் துணியத் தெரிஞ்சு நிக்கட்டும்னு. பொட்டு வெச்சா, பூ வெச்சா, சிரிச்சா. மகளத் தொலைச்சுட்டு மினுக்கிட்டு நிக்கறா பாருன்னு தெரு காறித் துப்புச்சு, தெருவத் தாண்டி ஊரு, ஊரத் தாண்டி எங்கெங்கியோ இருக்கறவன். கனியச் சொன்ன அத்தன வார்த்தையும் இப்பத் துளசியச் சொன்னாங்க. கூட்டம் திரும்பி வந்துச்சு, முன்ன விட ஏகமா, சந்துமொனை வரைக்கும். எப்படிப் புள்ள இதெல்லாங் காதுல வாங்கிட்டு நிக்கறன்னு கேட்டேன்.

"திட்டறவங்கதான்க்கா நெறையப் பேருக்கு அனுப்பி விடறாங்க. திட்டட்டும்"ன்னா.

எனக்கு ஒரு வேலை குடுத்தா. அவ லைவு போடற நேரமெல்லாம் நான் கேட்டுக்கு வெளிய போயி, நிக்கற மொகம் ஒவ்வொண்ணயும் பாக்கோணும். பாத்தேன். தினமும் பாத்தேன். ஒலகத்துல இத்தன மொகமான்னு சலிச்சுப் போகற அளவுக்குப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே சாஞ்ச தலை, அதே பாதி தொறந்த வாய்.

மாசி மாசம் மத்தியானம், கடைசி வரிசைக்கும் பின்னால, கரண்டு கம்பத்த ஒட்டி அவ நின்னா. எதோ பெரிய பொம்பளையோட நைட்டி, தோள்ல நிக்காம வழியுது. தலைமயிரக் கன்னாபின்னான்னு வெட்டி விட்டிருந்துச்சு. ஒரு கைய வாய் மேல அமுத்தி வெச்சிருந்தா, மூச்சுச் சத்தம் கூட வெளிய கேக்காத மாதிரி, அப்பப்பத் திடுக்குன்னு திரும்பிப் பொறகால பாத்தா, பொறகால எங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்லை, ரோடுதான். எவ போனையோ யாருக்கும் தெரியாம எடுத்துப் பாத்துட்டு இருக்கறாளாட்ட இருக்குது. கனீன்னு காதுக்குள்ள கூப்புட்டேன். கன்னத்தத் தொட்டேன், சுட்டுச்சு. என்னத் தாண்டி அவ அம்மாவையே பாத்துட்டு இருந்தா.

நான் கைய ஒசக்கத் தூக்குனேன். துளசி போனுக்கு மேல தலையத் தூக்கி, அத்தன சனத்தத் தாண்டி, அந்தக் கம்பத்தப் பாத்தா. ஓடி வரப் போறான்னு நெனச்சேன், ஒரு அடி எடுத்தும் வெச்சா. வெச்ச கால அப்படியே நிறுத்துனா. அவ நகந்தா படத்துல வெறும் அடுப்புத்தான் இருக்கும், பாக்க ஒண்ணுமில்லைன்னு மக போன வெச்சுட்டா அவ்வளவுதான், கொழம்பெறக்கி லைவு முடிஞ்சாலும் அவ்வளவுதான். திரும்பி வந்து நின்னா. மொகத்தத் தொடைக்காம, கொரலச் சரி பண்ணிக்கிட்டு, இன்னிக்கு நம்ம ஊட்டுல கத்திரிக்காக் கொழம்புங்க, எங்கூட்டுல எல்லாத்துக்கும் உசுருன்னா, புளி எவ்வளவு, மொளகாத்தூள் எவ்வளவுன்னு போனப் பாத்துச் சொல்லிட்டே போனா, நானும் அந்தக் கம்பத்தோரம் அந்தப் புள்ளயோட ஒட்டி நின்னுக்கிட்டேன். கொழம்பு தளதளன்னு வந்துச்சு. துளசி குனிஞ்சு, சீக்கிரம் வெந்துறக் கூடாதுன்னு, அடுப்பக் கொறைச்சு வெச்சா.